இருந்தவர் இல்லாத இருக்கைகள்

மேனாடுகளிலே பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் இடப்பட்டிருக்கும் மர வாங்குகளின் முதுகுப் பலகையில் சிறியதொரு பித்தளைத் தகடு பதித்திருத்தல் வழக்கம். இன்னார் இவ்விடத்தை விரும்பினார், இன்ன ஆண்டிற் பிறந்து இன்ன ஆண்டில் மறைந்தார் என்னும் இரண்டொரு வரியே அதில் இருக்கும். நியூயோர்க் நகரின் சென்ரல் பூங்காவில் 1986ஆம் ஆண்டு தொடக்கம் இஃது ஓர் ஒழுங்கான திட்டமாகவே நடந்து வருகின்றது. அத்தகைய வாங்குகளை ஆள் அமராத வேளை பார்த்துப் படம்பிடித்துத் தொகுப்பதனை அங்குள்ள நிழற்படக் கலைஞர் சிலர் ஒரு தனிப் பணியாகவே மேற்கொண்டுள்ளனர். இருக்கை தெரிகின்றது, இருந்தவர் தெரியவில்லை. அத் தெரியாமையே படத்தின் பொருள்.

இதனைக் கேள்வியுற்ற மாணாக்கர் சிலர், மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் தாமும் அவ்வாறு செய்யலாமோ என்று வினவினர். உடனிருந்த ஆசிரிய நண்பர், "அஃது அயலார் பழக்கம், நமக்கேன்?" என்றார். நண்பருக்கு விடையாகவும் மாணாக்கருக்கு எச்சரிக்கையாகவும் சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். 'வாங்கு' என்பது தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கீசர் விட்டுச் சென்றது. கதிரையும் மேசையும் அலுமாரியும் அவ்வழி வந்தனவே. தமிழகத்தார் 'பெஞ்சு' என்பதை நாம் வாங்கு என்கின்றோம். 1560இல் மன்னாரிற் கோட்டை கட்டிய அம்மக்கள் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். போனவர் அமர்ந்திருந்த பலகையின் பெயர் மட்டும் நம் நாவிற் குந்தியிருக்கின்றது. ஒருவர் இல்லாமற் போன பின்னும் அவர் இருந்தமைக்குச் சான்றாய் நிற்பது இருக்கை என்பதற்கு இச்சொல்லினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பொருளோ நமக்குப் பழையது. மணிமேகலை என்னும் காப்பியத்தைப் பயின்றோர் பீடிகை கண்டு பிறப்புணர்ந்த செய்தியை அறிவர். கடல் சூழ்ந்த மணிபல்லவத்திலே, உறங்கி விழித்த ஓர் இளம்பெண் தனித்து நடக்கின்றாள். எதிரே மணியால் இயன்ற ஒரு பீடிகை. அதில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. தமக்கே உரியதென்று நாகநாட்டு அரசர் இருவர் போர்செய்ய, புத்தபிரான் வந்து அமர்ந்து அறங்கூறிப் பகை தணித்த ஆசனம் அது. வெறுமையாய்க் கிடந்த அவ்வாசனத்தைக் கண்ட அளவிலே அவளுக்குப் பழம்பிறப்பு நினைவில் எழுகின்றது. கணவனாயிருந்த இராகுலனை நினைக்கின்றாள். தானே இலக்குமியாய் வாழ்ந்ததை உணர்கின்றாள். மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். அவ்வாராய்ச்சி ஒருபுறமிருக்க, இல்லாத ஒருவரின் இருக்கை காண்பவரின் நினைவைத் திறக்கும் என்று தமிழ்ப்புலவர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கின்றார். பரதன் அரியணையில் அண்ணன் அடிநிலையை வைத்து, தான் அதில் ஏறாது ஆண்டான் என்னும் கதையும் இவ்வினத்ததே. பழைய பௌத்த சிற்பிகள், அமராவதியிற் போல, புத்தரின் உருவைச் செதுக்காது வெற்றாசனத்தைச் செதுக்கி விட்டதும் அவர் பெருமையை நினைந்தேயாம். ஆகவே அயலார் பழக்கம் என்று நண்பர் சொன்னது பொருந்தாது.

காப்பியத்தை விட்டுத் தெருவுக்கு வருவோம். தமிழகத்திலும் ஈழத்து வடபுலத்திலும் பழைய தெருக்களின் ஓரத்திலே சுமைதாங்கி என்று ஒன்று நிற்கும். இரண்டு கல்லை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பர்; சில இடங்களிற் கல்லுக்குப் பதிலாகச் சுண்ணச்சாந்துக் கட்டாக இருக்கும். தலைச்சுமையோடு வருபவர், பிறர் கைகொடாமலே சுமையை இறக்கி வைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரத்தில் அஃது அமைந்திருக்கும். பலரும் அதனை ஊர்ப்பொதுக் கட்டு என்றே எண்ணிக் கடந்து போவர். அதன் கதையோ வேறு. வயிற்றிற் சுமையோடு இறந்த ஒரு பெண்ணின் நினைவாகவே அவளுடைய வீட்டார் அதனை நடுவர். இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போனாள். வழிப்போக்கன் எவனோ தன் சுமையை அங்கே இறக்குந்தோறும் அவள் சுமை சிறிது குறையும் என்பது நம்பிக்கை. பித்தளைத் தகட்டில் பெயரெழுதும் வழக்கத்தினும் இஃது ஆழமானது என்பதே என் எண்ணம். அங்கே இறந்தவரின் விருப்பம் நினைக்கப்படுகின்றது. இங்கே இறந்தவளின் துன்பம் பிறர் துன்பத்தைத் தாங்குவதாக மாற்றப்படுகின்றது. ஆவுரோஞ்சிக் கல், கேணி, மடம் என்பனவும் இத்தகைய நினைவாலே எழுந்தவை பல உண்டு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாது விடலாகாது. சுமைதாங்கிகள் பலவற்றில் அப்பெண்ணின் பெயர் இல்லை. ஊரார் அறிவர் என்று விட்டனர். ஊரார் மறந்த பின் கல் மட்டும் நின்றது. தெருவை அகலிக்க வந்தவர்கள் கல்லையும் அகற்றினர். இனித் தலைச்சுமை இல்லை என்பது அவர்கள் கண்ட நியாயம்.

சுமைதாங்கியின் இடத்தை இக்காலத்திற் பிடித்திருப்பது பஸ் தரிப்பிடமேயாகும். நம் நாட்டுப் பெருந்தெருக்களிற் செல்வோர் இதனைக் கவனித்திருக்கலாம். நாற்புறமும் திறந்த சிறு கட்டடம். உள்ளே ஒரு சீமெந்து வாங்கு. நெற்றியிலே கருங்கற் பலகை ஒன்றில், அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக என்று எழுத்து. மக்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பித் தந்தைக்கோ தாய்க்கோ கட்டியிருப்பர். சில வேளை தெருவிபத்தில் இறந்த இளைஞனுக்காக இருக்கும். மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் தெருவில், நடுப்பகல் வெயிலுக்கு ஒதுங்கி அத்தகைய வாங்கில் அமர்ந்த மீன்காரப் பெண்ணிடம், "இவர் யார்?" என்று பெயர்ப்பலகையைக் காட்டிக் கேட்டேன். "ஆரோ நல்ல மனிசர், நிழல் தந்திருக்கிறார்" என்றாள். சுமைதாங்கி இன்னும் சாகவில்லை என்று எண்ணிக்கொண்டேன். வேறு சில தரிப்பிடங்களிலோ இறந்தவர் பெயர் கடுகளவாகவும், திறந்து வைத்த அரசியலாரின் பெயர் பூசணியளவாகவும் இருப்பதைக் கண்டு நாணினேன். உயிரோடிருப்பவருக்கு நினைவுச்சின்னம் எடுப்பதாயின் அதனை வேறிடத்தில் எடுக்கலாம்.

இனி, படம் எடுக்கும் மாணாக்கருக்குச் சொல்ல வேண்டியது. மன்னாருக்குப் படம் எடுக்க வருவோர் பலர். அவர்கள் எடுப்பன பெரும்பாலும் நான்கு: பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரம், தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையின் எஞ்சிய தூண்கள், அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்து இன்று கடல் அரித்து வீழ்த்திக் கொண்டிருக்கும் மாளிகை, மாலை வெயிலிற் கழுதைகள். எல்லாம் அழகிய படங்களே. ஆனால் இடிபாட்டின் அழகை மட்டும் எடுப்பவன், அங்கே யார் இருந்தார் என்று கேட்பதில்லை. அரிப்பு மாளிகையை நம் மக்கள் அல்லிராணி கோட்டை என்று வழங்குவதைக் கூட அவன் எழுதிக்கொள்வதில்லை. முத்துச் சலாபத்தைப் பார்வையிட ஆளுநர் அமர்ந்த இடம் அது. முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவர்க்கு அக்கரையில் இருக்கை ஏது? அக்கரை மணலில் இறைந்து கிடக்கும் பழைய சிப்பி ஓடுகளே அவர்களுக்குரிய கல்வெட்டு. மாளிகையை எடுப்பவர் அவ்வோடுகளையும் ஒரு படம் எடுக்கட்டும்.

இக்கரையின் வரலாறே வந்தவரும் போனவரும் பற்றியது என்பதால், இங்கு இருக்கையைத் தேடுவோர் இருக்கையற்றவரையும் தேட வேண்டியிருக்கின்றது. தோட்டவெளியில், 1544இல் சங்கிலி மன்னன் ஆணையால் மாண்ட கத்தோலிக்கரின் நினைவைப் போற்றும் ஆலயம் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி இக்கரையில் இறங்கி, காடுவழியே மாத்தளை நோக்கி நடந்து, கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே வீழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு வழியெங்கும் ஒரு சுமைதாங்கியும் இல்லை. அவர்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து 2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தினர், முன்னோர் நடந்த வழியைத் தம் காலால் எழுதிக் காட்டினர். 1914இல் இருப்புப்பாதையும் கப்பலும் இணைந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே போக்குவரத்து எளிதாயிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவிலே வீசிய புயல் தனுஷ்கோடியையும், அதனை நோக்கிச் சென்ற புகைவண்டியையும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும் கொண்டுபோயிற்று. போரினால் 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகைவண்டி 2015 மார்ச்சு மாதத்தில் மீண்டும் வந்தது, கப்பல் வரவில்லை. இந்நிலையில் தலைமன்னார் நிலையத்து வாங்கிலிருந்து கடலைப் பார்ப்பவன் எதற்காகக் காத்திருக்கின்றான் என்பதை ஒரு படம் சொல்லக் கூடுமாயின், அது நல்ல படம்.

1990 ஒக்ரோபர் இறுதியில் இத்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போக நேர்ந்ததையும் இங்கே நினைத்தல் வேண்டும். எருக்கலம்பிட்டி போன்ற பேரூர்களின் திண்ணைகள் ஒரே நாளில் வெறுமையாயின. போனவருட் பலர் மீண்டு வந்துள்ளனர். பலர் புத்தளப் பகுதியிலேயே முதுமையெய்தி மறைந்தனர். அவர் மரபில் கல்லில் பெயர் பொறித்தலும் உருவப்படத்துக்கு மாலையிடுதலும் பெருவழக்கல்ல. அவ்வூரில் பெயர்ப்பலகையைத் தேடிக் காணாது, இங்கே நினைவு இல்லை என்று எழுதுபவன் அவ்வூரை அறியாதவன். அங்கே திண்ணையையே படமெடுக்கலாம், வீட்டாரைக் கேட்டு.

இவ்விடத்திலேதான் என் தொழில் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. நம் நாட்டிலே ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவுமலரைக் 'கல்வெட்டு' என்றே சொல்வோம். தாளில் அச்சிட்ட நூலுக்குக் கல்வெட்டு என்று பெயரிட்ட நம்மவரின் ஆசை நோக்கத்தக்கது. அதிலே முகப்பில் இறந்தவர் படமும், அடுத்துத் திதி வெண்பாவும் இருத்தல் வேண்டும். ஆண்டு, மாதம், பக்கம், திதி, இவற்றை நாலடியில் அடக்கி, இன்னார் இறைவனடி சேர்ந்த நாள் இதுவென்று பாடித் தருதல் பண்டிதர் கடன். நானும் பல ஆண்டுகளாகப் பாடி வருகின்றேன். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் பாடினாலும் பாராதவர்கள், திதி வெண்பாவுக்கு மட்டும் இரவிலும் வந்து கதவைத் தட்டுவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். மகன் 2009இற் போனவன், திரும்பவில்லை. "ஐயா, பிள்ளைக்கு ஒரு வெண்பா வேண்டும்" என்றார். திதி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு நாவெழவில்லை. அவரே சொன்னார்: "நாள் தெரியாது. செத்தவன் என்று எழுத வேண்டாம். இருக்கிறான் என்றும் எழுத வேண்டாம். பேர் மட்டும் வரட்டும்." யாப்பிலே அதற்கு இலக்கணம் உண்டோ என்று தேடினேன். திதி இல்லாத திதி வெண்பா இல்லை. பெயர் மட்டும் வருமாறு நாலடி பாடிக் கொடுத்தேன். அதனை அவர் அச்சிடவில்லை. மகனுடைய படத்தின் பின்புறத்திலே எழுதி வைத்துக்கொண்டார்.

மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 சனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கணக்குகளை எடுத்துக்காட்டிக் கேட்டார். 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். கேட்ட கேள்வி அவரோடு மறையவில்லை. 2018இல் மன்னார் நகரின் நடுவே கட்டடத்துக்கு மண் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எண்ணிக்கை முந்நூறைக் கடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஆய்வுகூடமொன்று தான் சோதித்த மாதிரிகள் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. காணாமற் போனோரின் உறவினர் அம்முடிவால் அமைதியடையவில்லை. அவர்கள் இன்றும் படங்களைக் கையிலேந்தி அமர்கின்றனர். மேனாட்டுப் படத்தில் இருக்கை உண்டு, ஆள் இல்லை என்றேன். இங்கோ ஆளின் படம் உண்டு. அவருக்கென ஓர் இருக்கை இல்லை. கல் நட நாளும் இல்லை, உடலும் இல்லை. இந்த வேற்றுமையை உணராமல், வெற்றிருக்கைப் படம் அழகாயிருக்கின்றது என்பதற்காக மட்டும் நம் பிள்ளைகள் அதனைப் பின்பற்றுவாராயின் நண்பர் சொன்ன குற்றச்சாட்டு அப்போது பொருந்திவிடும்.

பிரெஞ்சு நாட்டறிஞர் ரோலான் பார்த் என்பவர், தாயை இழந்த துயரில் நிழற்படம் பற்றி ஒரு நூல் எழுதி 1980இல் வெளியிட்டார். தாயின் சிறுபருவப் படம் ஒன்றைப் பற்றியே அந்நூல் பெரிதும் பேசுகின்றது. ஆனால் வேறு பல படங்களை அச்சிட்ட அவர், அப்படத்தை மட்டும் அச்சிடவில்லை. தமக்கன்றிப் பிறர்க்கு அது வெறும் படமே என்று கருதிவிட்டார். அந்த அடக்கத்தை நம் மாணாக்கரும் கைக்கொள்ளல் நன்று. படத்தை ஏந்தி அமர்ந்திருக்கும் தாயின் முகத்தருகே கருவியைக் கொண்டுபோய் நீட்டுதல் கூடாது. அழுகையை எடுக்க ஆட்கள் பலர் உளர். அவர் எழுந்து போன பின், அவர் நாடோறும் அமர்ந்த பிளாஸ்ரிக் கதிரையை எடுக்கலாம். அதற்கும் அவரைக் கேட்டே எடுக்கலாம். அவர் மறுத்தால் அதனையும் ஏட்டிற் குறித்துக்கொள்க.

தொல்காப்பியர் நடுகல்லுக்கு வகுத்த துறைகள் ஆறு. அவற்றுள் முதலாவது காட்சி. கல்லைத் தேடிச் சென்று காணுதல். வாழ்த்து கடைசியிலேயே வருகின்றது. இடையில் கல்லை எடுத்தலும், நீர்ப்படுத்தலும், நடுதலும், படைத்தலும் உள. நிழற்படம் காட்சி என்னும் முதற்றுறையைச் சேர்ந்தது. இக்காலத்தவரிற் பலர் காட்சியிலேயே நின்றுவிடுகின்றனர்; மேடைப் பேச்சாளரோ காட்சியின்றியே வாழ்த்துக்குத் தாவிவிடுகின்றனர். தமிழகத்தில் தொல்லியல் துறையினர் செங்கம் வட்டாரத்து நடுகற்களை ஊரூராய்ச் சென்று தேடி 1972இல் நூலாக்கினர். 2006இல் தேனிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்கள், தமிழி எழுத்தோடு கிடைத்த நடுகற்களுள் மிகப் பழையவை. 'ஆகோள்' என்னும் இலக்கணச் சொல்லையே அவற்றுள் ஒன்றிற் கண்டனர். வயற்புறத்திற் கேட்பாரற்றுக் கிடந்த கல் அது. நம் பிள்ளைகளின் வட்டாரத்திலும் கேட்பாரற்றுக் கிடப்பன எத்தனையோ? ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிக்குக் கடற்கரைக் காட்சி என்று தலைப்புக் கொடுத்து, நூறு பிள்ளைகளைக் கொண்டு ஒரே சூரியனை மறையச் செய்யும் ஆசிரியர்கள் (நானும் அவ்வினத்தவனே) ஓராண்டுக்கேனும் இதனைக் கொடுத்துப் பார்க்கலாம்.

செய்முறை எளிது. கைத்தொலைபேசியே போதும். ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டு படம்: ஒன்று, எழுத்து முழுவதும் படிக்கத்தக்கதாய் அருகிலிருந்து, மற்றது, அவ்விருக்கையில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அது. இரண்டாவதைப் பலர் நினைப்பதில்லை. இறந்தவர் பார்த்திருந்த கடல் அல்லது தெரு அதிலேதான் கிடைக்கும். எழுத்தைப் பிழையோடு இருந்தாற் பிழையோடே பெயர்த்தெழுதுக; திருத்த வேண்டா. பின் அயலில் மூத்தவர் ஒருவரிடம் அவர் யார் என்று கேட்டு, சொல்லியவாறே பத்து வரி எழுதுக. கோயில் மடமாயினும் ஆலயத்து வாங்காயினும் பள்ளிவாசற் புறத்திண்ணையாயினும் உரியவர் இசைவின்றித் தொட வேண்டா. பெயரில்லாத சுமைதாங்கியைக் கண்டால், பெயரில்லை என்றே எழுதி, ஊரில் வழங்கும் கதையைச் சேர்த்துக்கொள்க.

உப்புக்காற்று எழுத்தைத் தின்னும் கரை இது; காலம் தாழ்த்தலாகாது. கல்லின் முகத்தில் நேரே வெயில் அடிக்கும்போது தேய்ந்த எழுத்துத் தெரியாது. முகத்தைப் பக்கவாட்டில் தடவிச் செல்லும் வெயிலிலேதான் ஒவ்வொரு வரிப்பள்ளமும் நிழல் கொண்டு எழுந்து நிற்கும். ஆகையால் கல் எத்திசை நோக்கி நிற்கின்றது என்று முதல்நாளே பார்த்து வந்து, மறுநாள் அதற்கேற்ற பொழுதிற் போதல் நன்று. ஒரு சிறு துணியும் தண்ணீரும் கொண்டு செல்க. கம்பியாலோ கத்தியாலோ சுரண்டற்க.